ஸ்விட்ச் போடும் முன்

அன்புள்ள தம்பி,

பழைய வால்வு ரேடியோ கைக்கு வந்ததும் கரண்ட் கொடுத்துப் பார்க்கத்தான் மனம் துடிக்கும். பொறு. சேஸியைத் திருப்பு. முந்தைய வால்வின் ஆனோடிலிருந்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சரை முதலில் தேடு.

ஆனோடில் ஏறக்குறைய 100 வோல்ட் டிசி நிற்கும். அதன்மேல் ஏறிவரும் பாட்டு மட்டுமே கிரிட்டுக்குப் போக வேண்டும். டிசியைத் தடுப்பதுதான் அந்தக் கண்டென்சரின் பெரிய வேலை. அந்தக் காலத்துச் சரக்கோ மெழுகில் தோய்த்த காகிதம். ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் அது கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கணக்குப் போட்டுப் பார். கசிவுத் தடை 10 மெகா ஓம், கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம் என்றால் கிரிட்டில் 4.5 வோல்ட் பாசிட்டிவ் ஏறிவிடும். அவுட்புட் வால்வு இஎல்84 என்றால், அதன் கிரிட்டுக்கு வேண்டிய பயாஸே மைனஸ் 7.3 வோல்ட்தான். 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் ஓடும்போதே அது தன் எல்லையான 12 வாட்டில் நிற்கிறது. கிரிட் பாசிட்டிவ் பக்கம் நகர்ந்து அதற்கு மேல் ஓடினால் ஆனோடு சிவக்கும். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகும். வால்வுக்கு மாற்று கிடைக்கும், அந்த டிரான்ஸ்பார்மருக்குப் பொருத்தமான மாற்று கிடைப்பது அரிது.

இதில் ஏமாறுவது எளிது. ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும், குரல் சற்றுக் கரகரக்கும், அவ்வளவுதான். மல்டிமீட்டரும் சில வோல்ட்டில் சோதிப்பதால் 'நல்லது' என்றே காட்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செட் என்றால் கிரிட்டை அளந்து பார். பாசிட்டிவ் காட்டினால் அணைத்து, கண்டென்சரின் ஒரு காலைக் கழற்றி மறுபடி அள. மறைந்தால் குற்றவாளி கண்டென்சர், மறையாவிட்டால் வால்வு. மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டில் சேஸியிலேயே 230 வோல்ட் இருக்கலாம். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அதைத் தொடாதே.

மாற்றுக் கண்டென்சர் எங்கே வாங்குவது? பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. பழஞ்சரக்குக்கு அந்த வழி போயிற்று. புதிய உதிரிக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து ஜாலான் புசார் சிம் லிம் டவருக்கு நடந்தே போகலாம். 0.01 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் பிலிம் கண்டென்சர் கேள். பாஸ் கூடும் என்று 0.1 போடாதே. 0.01 போட்டாலே 34 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அந்த ஸ்பீக்கர் அவ்வளவு கீழே பாடாது.

மற்றவற்றை நிதானமாகப் பார்த்துக்கொள். இந்த ஒன்றை மட்டும் கரண்ட் கொடுக்கும் முன்பே மாற்றிவிடு.

அன்புடன்,
அண்ணன்