தடம் பார்ப்போம், கோழி காப்போம்

நம் குடிபாலா பக்கத்தில் கோழி வளர்ப்பவர்கள் நிறையப் பேர். சிலரிடம் இரண்டு கோழி இருக்கும். சிலரிடம் இருபது இருக்கும். கோழிக்குத் தனி நிலம் வேண்டாம். சிந்திய நெல், புழு, பூச்சி, கீரை என்று கிடைத்ததைத் தின்று வளரும்.

கோழி விற்ற பணம் பெரும்பாலும் பெண்களின் கைப்பணம். பிள்ளைக்கு நோட்டு வாங்க, சங்கத்தில் சேமிப்புக் கட்ட, திடீரென்று பஸ்சுக்கு என்று அந்தப் பணம் உதவும். யாரிடமும் கேட்க வேண்டியது இல்லை.

அந்தக் கோழி ஒரே இரவில் காணாமல் போனால்? மனம் பதறும். கோபம் வரும். "கீரி தூக்கிவிட்டது" என்போம். "பூனை தின்றுவிட்டது" என்போம். ஆனால் உண்மையில் தூக்கியது எது? அதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த கோழியைக் காக்க முடியும்.

இரண்டு பேர் பேசுவதைப் படியுங்கள்.

அக்கா: ஒன்பது குஞ்சு இருந்துச்சு பெரியம்மா. காலையில பாத்தா ஆறுதான் இருக்குது. கீரிதான் தூக்கியிருக்கும்.

பெரியம்மா: கீரியை நீ பாத்தியாம்மா?

அக்கா: பாக்கலை. வேற எது தூக்கும்?

பெரியம்மா: கூண்டுல ரத்தம் இருந்துச்சா? இறக்கை சிதறிக் கிடந்துச்சா?

அக்கா: ரெண்டும் இல்ல. கதவும் சாத்தினபடியே இருந்துச்சு. ரெண்டு குஞ்சைக் காணோம். ஒண்ணு உள்ளேயே செத்துக் கிடந்துச்சு. அதோட தலை மட்டும் ஈரமா இருந்துச்சு.

பெரியம்மா: அப்போ அது கீரி இல்லம்மா. பாம்பு. ரெண்டை முழுங்கிட்டு மூணாவதையும் முழுங்கப் பாத்திருக்குது. முடியாம விட்டிருக்குது. கூண்டுல எங்கேயோ ஓட்டை இருக்குது. கையை விடாதே. டார்ச் அடிச்சுப் பாரு.

பெரியம்மாவுக்குப் புத்தகம் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் தடத்தைப் படித்துவிட்டார். அக்கா கோபத்தில் கீரிக்குக் கண்ணி வைத்திருந்தால் என்ன ஆகும்? கீரி செத்திருக்கும். பாம்பு மறுநாளும் வந்திருக்கும். பாம்பைத் தின்னும் கீரியும் இருந்திருக்காது.

தடம் என்ன சொல்கிறது?

கோழி காணாமல் போனதும் கூண்டைக் கழுவாதீர்கள். தரையைப் பெருக்காதீர்கள். முதலில் சுற்றிப் பாருங்கள்.

பாம்பு: ரத்தம் இருக்காது. முட்டை ஓடும் இருக்காது. பாம்பு முட்டையை ஓட்டோடு விழுங்கும். குஞ்சையும் முழுதாக விழுங்கும். வயிறு உப்பியதால் வந்த ஓட்டை வழியே திரும்ப முடியாமல் சில நேரம் கூண்டிலேயே கிடக்கும்.

கீரி: பெரும்பாலும் பகலில் வரும். கழுத்திலும் தலையிலும் கடிக்கும். சிறிய கோழியை இழுத்துக்கொண்டு போகும். முட்டையை உடைத்துக் குடிக்கும். உடைந்த ஓடு அங்கேயே கிடக்கும்.

காட்டுப்பூனை, நரி: மாலை மங்கும்போதும் விடியும் முன்பும் வரும். கோழியை முழுதாகக் கவ்விக்கொண்டு போகும். புதர் வரைக்கும் இறக்கை சிதறிக் கிடக்கும்.

மரநாய்: இரவில் வரும். நன்றாக மரம் ஏறும். கூரை வழியாகவும் இறங்கும். தரையில் தடம் இல்லாமல் மேலே ஓலை விலகி இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாய்: ஒன்றைத் தின்பதோடு நிற்காது. பல கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். செத்த கோழிகள் தின்னாமல் கிடந்தால் பெரும்பாலும் நாயின் வேலைதான். கதவை முட்டித் தள்ளும். மண்ணைத் தோண்டும்.

பெருச்சாளி, எலி: சின்னக் குஞ்சை வளைக்குள் இழுத்துப் போகும். கூண்டின் மூலையில் வளை தெரியும்.

பருந்து, வல்லூறு, காகம்: பகலில் குஞ்சு ஒவ்வொன்றாகக் குறையும். தரையில் தடமே இருக்காது.

இன்னும் சந்தேகமா? ஒரு எளிய வழி உண்டு. இரவில் கூண்டைச் சுற்றிச் சலித்த மணலையோ சாம்பலையோ மெல்லிசாகத் தூவுங்கள். காலையில் பாருங்கள். நான்கு விரல் பதிந்து நகம் பதியாமல் வட்டமாக இருந்தால் பூனை. நான்கு விரலோடு நகமும் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. சின்ன அடியில் ஐந்து விரல் பதிந்திருந்தால் கீரி அல்லது மரநாய். வளைந்து வளைந்து கோடு போனால் பாம்பு.

சேவல் சொல்வதைக் கேளுங்கள்

கோழிக்கும் பேச்சு உண்டு. ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று சேவல் குரலில் சொல்லும். இதை அறிஞர்கள் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

வானத்தில் பருந்து தெரிந்தால் சேவல் மெல்லிசாக, நீளமாக ஒரு குரல் கொடுக்கும். உடனே கோழிகள் புதருக்குள் ஓடும். அல்லது அசையாமல் பதுங்கும். தரையில் நாயோ பூனையோ வந்தால் குரல் வேறு. விட்டு விட்டு, உரக்க, "கெக் கெக் கெக்" என்று கத்தும். கோழிகள் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும்.

முதல் குரல் கேட்டால் வானத்தைப் பாருங்கள். இரண்டாவது குரல் கேட்டால் வேலிப் பக்கம் ஓடுங்கள்.

கினிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு காவல் உண்டு. புதிதாக எது வந்தாலும் அது ஊரே கேட்கும்படி கத்தும்.

இரவுக் கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஓட முடியாது. அதனால் இரவுக்கு நல்ல கூண்டு கட்டாயம் வேண்டும். மரத்தில் அடையும் கோழியும் தப்பாது. காட்டுப்பூனையும் மரநாயும் மரம் ஏறும்.

1. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடம் வேண்டும். நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம் உள்ள கூண்டில் 10 கோழிகள் தாராளமாக அடையும்.

2. கூண்டைத் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் கால் நட்டு வையுங்கள். கால்களில் வழவழப்பான தகரம் சுற்றுங்கள். எலி ஏறாது. பாம்பு ஏறுவதும் கஷ்டம். கூண்டின் மேல் மரக்கிளை தொடக் கூடாது. சுவரிலும் ஒட்டி வைக்க வேண்டாம்.

3. வலை வாங்கும்போது கவனம். பெரிய கண் உள்ள மெல்லிய வலை கோழியை உள்ளே வைக்கும். திருடனை வெளியே வைக்காது. கட்டை விரல் நுழையும் ஓட்டையில் சின்னப் பாம்பு நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலைதான் நல்லது. கடையில் "வெல்டு மெஷ்" என்று கேளுங்கள்.

4. தரையிலேயே கூண்டு இருந்தால் சுற்றிலும் ஒரு அடி ஆழம் தோண்டி வலையைப் புதையுங்கள். அல்லது கல் பதியுங்கள். தோண்டி வரும் நாயும் நரியும் அதோடு நின்றுவிடும்.

5. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். கயிறு போதாது. தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு கம்பிக் கொக்கியும் மாட்டுங்கள்.

6. காற்று வர வேண்டும். முழுவதும் அடைத்துவிடாதீர்கள். தகரக் கூரை என்றால் மேலே தென்னை ஓலை போடுங்கள். வெயில் தாங்கும்.

வலை வாங்கப் பணம் இல்லையா? இருக்கிற கூண்டையே சரி செய்யலாம். டார்ச்சை உள்ளே வைத்துவிட்டு இருட்டில் வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் ஓட்டை. காற்றுக்கு விட்ட இடத்தில் வலைத் துண்டு அடியுங்கள். மற்ற ஓட்டையைச் செங்கல், தகரம், சிமெண்டு கொண்டு அடையுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காவல் ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் கோழிகளை எண்ணி அடைப்பது. பத்து நாள் ஒழுங்காக அடைத்துப் பதினோராம் நாள் மறந்தால், அந்த ஒரு நாள் நரிக்குப் போதும். இன்று யார் அடைப்பது என்று வீட்டில் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

பகல் காவல்

பகலில் அதிகம் போவது குஞ்சுதான். பொரித்த முதல் நான்கு வாரம் தாயையும் குஞ்சையும் தனியாக வைத்துப் பாருங்கள். பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதனடியில் தீனி வையுங்கள். கூடை மேல் கல் வையுங்கள். வெளியே விடும்போது ஒருவர் அருகில் இருங்கள்.

வாசல் மொட்டை வெளியாக இருந்தால் பருந்துக்கு எளிது. குஞ்சு ஓடி ஒளிய இடம் வேண்டும். ஒரு மூலையில் தாழ்வாக ஓலைப் பந்தல் போடுங்கள். முள் கிளைகளைக் குவித்து வையுங்கள். குஞ்சு உள்ளே புகும். பருந்து புகாது.

முட்டையைக் காலையிலும் மாலையிலும் எடுத்துவிடுங்கள். சிந்திய தீனியைப் பெருக்குங்கள். தீனிக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். கூண்டுக்குப் பக்கத்தில் விறகும் கல்லும் குவிக்காதீர்கள்.

கோழியின் நிறமும் உதவும். ஹைதராபாத் ராஜேந்திரநகரில் மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வனராஜா, கிராமப்பிரியா என்ற கோழிகளை உருவாக்கியது அந்த நிலையம்தான். வெள்ளைக் கோழி தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். வனராஜா பல நிறம் கொண்டது. மண்ணோடும் செடியோடும் கலந்து தெரியும். கால் நீளம். அதனால் ஓடித் தப்பும். ஆனால் அது நாட்டுக்கோழி போல அடைகாக்காது. அதன் முட்டையை நாட்டுக்கோழியிடம் அடைவைப்பது நல்லது.

இவற்றைச் செய்யாதீர்கள்

இறைச்சியில் விஷம் வைக்காதீர்கள். நரிக்கு வைத்த விஷத்தை நம் நாயும் பூனையும் தின்னும். விளையாடும் குழந்தையும் தொடும்.

வேலியில் மின்சாரம் விடாதீர்கள். இருட்டில் வருவது நரியா நம் பிள்ளையா என்று மின்சாரத்துக்குத் தெரியாது. இப்படி வைத்த வேலியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். போன கோழியைத் திரும்ப வாங்கலாம். போன உயிரை வாங்க முடியாது.

கண்ணி வைக்காதீர்கள். கீரி, நரி, காட்டுப்பூனை, உடும்பு, சாரைப்பாம்பு எல்லாவற்றையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. கொன்றால் வழக்கு வரும். சிறையும் உண்டு. சட்டம் மட்டும் காரணம் இல்லை. நம் நெல்லையும் வேர்க்கடலையையும் தின்னும் எலியைப் பிடிப்பது இவைதான்.

இருட்டில் கூண்டுக்குள் கையை விடாதீர்கள். பாம்பு கடித்துவிட்டால் அறுக்க வேண்டாம். உறிஞ்ச வேண்டாம். இறுக்கிக் கட்ட வேண்டாம். கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து, 108-க்குப் போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷத்தை முறிக்கும் ஊசி அங்கே இருக்கிறது. மந்திரத்துக்கு அலைந்து நேரத்தைப் போக்காதீர்கள்.

காயமே இல்லாமல் செத்தால்?

கோழி காயம் இல்லாமல் சாகிறதா? பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறதா? கழுத்து திருகுகிறதா? அது வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். தெலுங்கில் இதைக் கொக்கெர தெகுலு என்பார்கள். இந்தத் திருடனைக் கூண்டு தடுக்காது. தடுப்பு மருந்துதான் தடுக்கும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து. எட்டு வாரத்தில் ஊசி. செத்த கோழியைத் தூக்கி எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். பசு வைத்தியசாலையில் கேளுங்கள். அங்கே பசுவுக்கு மட்டும் இல்லை, கோழிக்கும் வைத்தியம் உண்டு.

கணக்குப் பார்ப்போம்

ஒரு கோழி 10 குஞ்சு பொரித்தது. 6 குஞ்சு திருடு போனது. 4 வளர்ந்தது. வளர்ந்த கோழி ஒன்று 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

நமக்குக் கிடைத்தது: 4 x 400 = 1600 ரூபாய்.
நாம் இழந்தது: 6 x 400 = 2400 ரூபாய்.

கிடைத்ததை விட இழந்தது அதிகம். கூண்டுக்குச் செலவு செய்வது வீண் செலவா? நீங்களே சொல்லுங்கள்.

பேசுவோம்

1. உங்கள் தெருவில் கடைசியாகக் கோழி போனது எப்போது? என்ன தடம் இருந்தது?
2. உங்கள் ஊரில் யாராவது விஷமோ மின்வேலியோ வைக்கிறார்களா? அவர்களிடம் எப்படிப் பேசலாம்?

எழுதுவோம்

1. கூண்டில் ரத்தம் இல்லை. முட்டை ஓடும் இல்லை. வந்தது ______.
2. பல கோழிகள் கடிபட்டுத் தின்னாமல் கிடக்கின்றன. வந்தது ______.
3. வலையின் கண் ______ அங்குலம் இருக்க வேண்டும்.
4. இன்று மாலை கூண்டில் அடைத்த கோழி எத்தனை? நாளைக் காலை திறக்கும்போது எத்தனை? ஒரு வாரம் நோட்டில் எழுதி வாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் தடத்தையும் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் எல்லோரும் படிப்போம்.