ஒளி வளையுமா?

"ஒளி நேர்கோட்டில் செல்லும்" என்று கீழ் வகுப்பிலேயே படித்தோம். ஆயினும், நம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் உருவாகும் கைப்பேசிகளில் நாம் பேசும் பேச்சு, மண்ணுக்கடியில் வளைந்து கிடக்கும் கண்ணாடி இழைகளில் ஒளியாகவே ஊர்விட்டு ஊர் செல்கிறது. இது எவ்வாறு இயலும்?

அடர்மிகு ஊடகத்தினுள் செல்லும் கதிர், அடர்குறை ஊடகத்தின் எல்லையில் மாறுநிலைக் கோணத்தைவிட அதிகக் கோணத்தில் விழுந்தால் வெளியேறாது. முழுவதும் உள்ளேயே திரும்பும். இதுவே முழு அக எதிரொளிப்பு. வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளி சிறைப்படுவதை ஜெனீவாவின் கொலாடன் 1842-ல் விவரித்தார். 1954-ல் நம் நாட்டவரான நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தையே கடத்திக் காட்டினார்.

எனினும் இழையை விருப்பம்போல் மடக்க இயலாது. நமது அணிவகுப்பை எண்ணிப் பாருங்கள். வரிசை திரும்புகையில் வெளி ஓரத்து மாணவி வேகமாக நடக்க வேண்டும்; முடியாவிட்டால் வரிசையைவிட்டு விலகிவிடுவாள். ஒளியின் ஒரு சிறு பகுதி எப்போதும் இழையின் உள்ளகத்தைத் தாண்டி உறைக்குள் நீண்டிருக்கும். உள்ளகத்துக்கும் உறைக்கும் ஒளிவிலகல் எண் வேறுபாடு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆதலால் உறையில் ஒளி சற்றே வேகமாகச் செல்ல முடியும், அவ்வளவுதான். சாதாரண இழையைச் சுமார் 3 செ.மீ. ஆரத்தைவிடக் குறுகலாக வளைத்தால் ஒளி கசியத் தொடங்கும்.

விரல்நக அளவுள்ள சில்லில் இத்தனை பெரிய வளைவுக்கு இடமேது? இங்கே சிலிக்கான் கைகொடுக்கிறது. நம் கண்ணுக்கு அது ஒளிபுகாப் பொருள். அகச்சிவப்புக் கதிருக்கோ கண்ணாடி போன்றது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.48, சுற்றியுள்ள சிலிக்காவுக்கு 1.44. வேறுபாடு மிகுதி. எனவே சுமார் 500 நானோமீட்டர் அகலமும் 220 நானோமீட்டர் உயரமும் உள்ள வழியில், 5 மைக்ரோமீட்டர் ஆரத்திலும் ஒளி திரும்பும். அவ்வட்டம் ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் அடங்கிவிடும்!

ஆனால் வழியின் சுவர் சில நானோமீட்டர் சொரசொரப்பாயிருந்தாலும் ஒளி சிதறும். வளைவும் ரயில் பாதையைப்போல மெல்லத் தொடங்கி மெல்ல முடிவது நலம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் மத்திய அரசின் ஆதரவுடன் இயங்கும் மையம் இத்தகைய சில்லுகளை ஆராய்ந்து வடிவமைக்கிறது. நம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் கருவிகளைப் பூட்டுவோரில் பெண்கள் ஏராளம். அவற்றின் உள்ளிருக்கும் சில்லை வடிவமைப்போரும் நம்மிலிருந்து தோன்ற வேண்டும். தோழியரே, அதற்கு முதற்படி நம் பௌதிகப் புத்தகத்திலேயே இருக்கிறது!