முதல் ஆல்பத்துக்கு முன்னால்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பேர் சேர்ந்து பாண்டு ஆரம்பித்திருக்கிறீர்கள், எட்டுப் பாட்டு கைவசம் இருக்கிறது, சென்னையில் ஸ்டூடியோ பிடித்து ஆல்பம் போடப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்துபோனது. திண்டுக்கல்லிலிருந்து ஒரு ராக் ஆல்பம் வரவேண்டும் என்று உனக்கிருக்கும் ஆசை எனக்கும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், ஸ்டூடியோவுக்கு அட்வான்ஸ் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடு. முதலில் கூட்டத்தின் முன்னால் வாசித்துப் பழகுங்கள்.

உனக்குப் பிடித்த பிளாக் சபாத் பாண்டையே எடுத்துக்கொள். அவர்கள் ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். இரும்பை நம்பிப் பிழைத்த ஊர். பூட்டுப் பட்டறையும் தோல் ஷாப்பும் பார்த்து வளர்ந்த உனக்கு அந்த ஊரைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. கிதார்காரர் டோனி ஐயோமி தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் மெஷினில் போயின. அவர் இடக்கைக்காரர். தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். இனி கிதார் இல்லை என்று முடங்கிக் கிடந்தவரிடம் ஆலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியும் கிதார் வாசித்துக் காட்டிய ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு அது. ஐயோமி எழுந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்தார். தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, வழுக்காமல் இருக்கப் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். வலி தாங்காமல் மெல்லிய தந்திகளுக்கு மாறினார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டல் என்று இன்று உலகம் கொண்டாடும் அந்தக் கனத்த ஒலியில் அந்த விரல்களுக்குப் பங்கு உண்டு.

அவர்களுடைய முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் ஒரே நாளில் பதிவானது. மேடையில் வாசிப்பதுபோல எல்லோரும் சேர்ந்தே வாசித்தார்கள். 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள், ஆனாலும் பிரிட்டன் பட்டியலில் 8ஆம் இடம்வரை ஏறியது. ஒரே நாளில் எப்படி முடிந்தது என்று கேள். அதற்கு முன்பு ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புகளில் ஒரே நாளில் பல தடவை மேடையேறி வாசித்துப் பழகியிருந்தார்கள். பீட்டில்ஸும் அதே ஹாம்பர்க்கில் புடம்போடப்பட்டவர்கள்தான். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டைப் பதிவுசெய்து முதல் ஆல்பத்தை முடித்தார்கள்.

வெள்ளைக்காரன் கதை எதற்கு என்று உன் அப்பா கேட்பார். இளையராஜாவின் ‘அன்னக்கிளி’யை எடுத்துக்கொள்வோம். 1976 மே 14 அன்று படம் வந்தபோது அவருக்கு 32 வயது. இந்திப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்த நம் டீக்கடைகளைத் தமிழ்ப் பாட்டின் பக்கம் திருப்பிய படம் என்று சொல்வார்கள். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த வருடங்களை எண்ணிப் பார். பதின்வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அவர் பிறந்த பண்ணைப்புரமும் நம் திண்டுக்கல்லும் அன்று ஒரே மதுரை மாவட்டம். 1985இல்தான் நம் மாவட்டம் பிரிந்தது. மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் எந்த இடத்தில் நிமிரும், எந்த இடத்தில் பேச ஆரம்பிக்கும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள். ‘அன்னக்கிளி’யின் ‘மச்சானைப் பார்த்தீங்களா’ பாட்டை இன்றைக்கு ஹெட்ஃபோனில் கேள். மெட்டு நம் களத்துமேட்டில் புழங்கியதுபோல இருக்கும். அடியில் வயலின்கள் போகிற பாதை வேறு. இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் போகின்றன. நீங்கள் கிதாரையும் உறுமியையும் சேர்க்கப் பார்ப்பதாக எழுதினாயே, அதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காலத்திலும் அப்படித்தான். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் கூட்டத்தின் முன்னால் நின்று பாடியது. ‘மகிழ்ச்சி’ ஆல்பம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

உங்கள் டிரம்மரை நம் ஊர் சக்தி கலைக்குழுவின் நிகழ்ச்சி ஒன்றுக்கு அவசியம் கூட்டிப் போ. பறையைப் பெண்கள் கையிலெடுத்த குழு அது. கையைப் பார்க்க வேண்டாம், காலைப் பார்க்கச் சொல். தாளம் அங்கேதான் இருக்கிறது. ஆடிக்கொண்டே அடிப்பதால் வேகம் கூடினாலும் அத்தனை பேரும் சேர்ந்தே கூடுகிறார்கள். கம்ப்யூட்டரின் டிக் டிக்கை மட்டும் கேட்டு வாசித்துப் பழகிய கைக்கு அந்தக் கூட்டு மூச்சு வராது.

கல்லூரி விழாவோ கல்யாண வரவேற்போ, கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா சமயத்தில் ஏதாவது ஒரு தெருமுனை மேடையோ, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போங்கள். காசு குறைவாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒரு போனை வைத்துப் பதிவுசெய்யுங்கள். மறுநாள் நாலு பேரும் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பாட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறதோ அதை மாற்றுங்கள், மாற்றியும் கேட்டால் தூக்கிவிடுங்கள். எட்டில் ஐந்து நின்றாலும் நல்ல ஆல்பம்தான். பாடுகிற பையனின் குரலைக் காப்பாற்றுங்கள். ஒரே நாளில் முதல் ஆல்பத்தை முடித்த அன்று பீட்டில்ஸின் ஜான் லெனன் சளியோடு வந்திருந்தார். தொண்டையைக் கிழிக்கும் பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள். முதல் தடவை பாடியதுதான் ஆல்பத்தில் இருக்கிறது, இரண்டாம் தடவைக்குக் குரல் எழவில்லை.

பதிவுக்குப் போகும்போது ஒரே அறையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசியுங்கள். குரலுக்கு மட்டும் தனித் தடுப்பு போதும். அதற்குச் சென்னை வரை போக வேண்டுமா என்பதை அப்போது முடிவு செய்யலாம். மிச்சமாகும் காசில் உறுமிக்காரருக்கு முழுச் சம்பளம் கொடு. அவர் பெயரையும் உங்கள் பெயர்களோடு சேர்த்து அட்டையில் போடு.

என்னிடம் இரண்டு மைக்கும் ஒரு பழைய மிக்ஸரும் சும்மா கிடக்கின்றன, பார்சலில் அனுப்புகிறேன். முதல் நிகழ்ச்சி என்றைக்கு என்று தெரிந்ததும் எழுது, வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்