வீட்டுக் கம்ப்யூட்டரில் டிராகன் படம்: சில சிக்கனக் குறிப்புகள்

1. எடுத்த எடுப்பில் த்ரீடிக்குப் போகாதீர்கள். பிளெண்டர் மென்பொருளிலேயே இருக்கும் கிரீஸ் பென்சில் என்ற வரைகருவியில் குச்சி மனிதர்களை வரைந்து, வசனத்தை நீங்களே பேசி, முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கேயே ஒரு நிமிடத்தை வெட்டினால், விநாடிக்கு 24 பிரேம் கணக்கில் 1,440 படங்களின் ரெண்டர் மிச்சம்.

2. காடு வேண்டுமா? மூன்றே மரம் செய்து, ஆல்ட்டையும் டியையும் சேர்த்து அழுத்தி நகலெடுத்து, திருப்பித் திருப்பி நடுங்கள். மெமரியும் அதிகம் தின்னாது. பின்னால் பனிமூட்டம் போட்டுவிட்டால் மிச்சக் காட்டைப் பார்ப்பவர்களே கற்பனை செய்துகொள்வார்கள்.

3. டிராகனைப் பாதி மட்டும் செய்யுங்கள், மறுபாதியை மிரர் மாடிஃபையர் பார்த்துக்கொள்ளும்.

4. நடக்க வைப்பதுதான் அனிமேஷனில் பெரிய தலைவலி. இடுப்புக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி கேமராவை வையுங்கள், பாதி வேலை குறையும்!

5. பழைய லேப்டாப் என்றால் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் இன்ஜினோடு மல்லுக்கட்ட வேண்டாம், அதிலுள்ள வேகமான ஈவீ இன்ஜின் போதும். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' ஈவீயில் ரெண்டர் ஆனதுதான்.

6. ரெண்டரை நேரடியாக வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி படங்களாக எடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை எடுத்தது பத்திரம். 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால், இருக்கிற படங்களை விட்டுவிட்டு மேலே போகும். கடைசிப் படம் அரைகுறையாக இருந்தால் மட்டும் அதை அழித்துவிடுங்கள்.

7. சிறகடிக்கும் சத்தத்துக்குக் குடையை வேகமாக விரித்து மூடி ரெக்கார்ட் செய்யுங்கள். உறுமலுக்கு உங்கள் தொண்டையே போதும், ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் சுருதியை இறக்கினால் டிராகன் தயார். போர்வைக்குள் உட்கார்ந்து பதிந்தால் எதிரொலி வராது (வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்).

8. பாறை, மண், வானம் எல்லாம் பாலி ஹேவன் தளத்தில் இலவசம், பெயர்கூடப் போட வேண்டியதில்லை. தூரத்துப் பாறைக்கு 4கே எதற்கு? 1கே தாராளம்.

9. பிளெண்டர் அறக்கட்டளை 2010-ல் எடுத்த 'சின்டெல்' படமும் ஒரு டிராகன் கதைதான். அதன் தயாரிப்புக் கோப்புகளையே திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டால், டைட்டிலில் அவர்கள் பெயரை மறக்காமல் போடுங்கள்.

10. 'சேவ் ஆஸ்' கொடுத்துச் சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறியைத் தட்டினால் எண் தானாகவே கூடும், பழைய கோப்பும் அப்படியே இருக்கும். ஹார்ட் டிஸ்க் போனால் டிராகனும் போச்சு. பென் டிரைவில் ஒரு நகல் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.