வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு: பாவுக் கணக்கு நோட்டு மாதிரி ஒரு படிப்பு நோட்டு

செவிலிமேட்டில், வந்தவாசி சாலையில் பாலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தறி வீடு. அந்த வீட்டு அம்மா கேட்ட கேள்வி இது: "பொண்ணுக்கு 15 வயசு ஆகுதுங்க. எட்டாவது முடிச்சதும் உடம்பு சரியில்லாம நின்னுட்டா. அதிலிருந்து வீட்லயேதான் படிக்கிறா. என்னென்ன படிச்சான்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, பத்தாவது பாஸ்னு ஏத்துக்குவாங்களா?"

ஏத்துக்க மாட்டாங்க. ஆனால் கேள்வியில் தப்பில்லை. வீட்டுக்கல்வி பற்றி நம்ம போனில் வருகிற வீடியோக்கள் பல அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே பல மாநிலங்களில் பெற்றோர் தயாரித்த மதிப்பெண் பட்டியலையே கல்லூரிகள் வாங்கிப் பார்க்கும். இங்கே அப்படி இல்லை. வீட்டில் எவ்வளவு நல்லாப் படித்திருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட ஒரு வாரியத்தின் தேர்வை எழுதி வாங்கும் சான்றிதழ்தான் செல்லும். அதனால் உங்க திட்டம் தேர்விலிருந்து பின்னோக்கி வரணும்.

முதலில் ஒரு விஷயம். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தும். நடுவில் நின்ற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது அந்தச் சட்டம். 14 தாண்டினாலும், உடம்பு தேறி, பள்ளிக்குப் போக முடியும் என்றால் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்க. அதுதான் செலவில்லாத, சுலபமான வழி. அது முடியாதவங்களுக்குத்தான் இனி வருவது.

வழி இரண்டு இருக்கு. ஒன்று, நம்ம மாநில எஸ்எஸ்எல்சி தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் நாட்களில், அதன் சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பிக்கணும். நேரடித் தனித்தேர்வருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேணும், 14½ வயது நிரம்பியிருக்கணும். எட்டாவதுகூட முடிக்காதவங்களுக்குத் தனியாக எட்டாம் வகுப்புத் தேர்வு இருக்கு. அதற்கு 12½ வயது. எஸ்எஸ்எல்சியில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்தும் எழுதியாகணும், விருப்பத் தேர்வு கிடையாது. பலரும் கோட்டை விடும் இடம் அறிவியல் செய்முறை. அதற்கு முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போகணும். 80 சதவீத வருகை கேட்பாங்க. அந்தப் பெண்ணைப் போல ஆஸ்பத்திரிக்கு அலையும் பிள்ளைகளுக்கு இது கஷ்டம்தான்.

இன்னொன்று என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தொடங்கிய மத்திய அரசு வாரியம். பத்தாம் வகுப்பில் சேர 14 வயது போதும், தமிழ் வழியிலும் எழுதலாம். குறைந்தது ஐந்து பாடம் தேர்ச்சி பெறணும். அதில் ஒரு மொழியாவது இருக்கணும், அதிகபட்சம் இரண்டு மொழி. மற்றதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பாடத்துக்கு 33 சதவீதம் வாங்கினால் தேர்ச்சி. வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் பொதுத்தேர்வு. சேர்க்கை ஐந்து வருஷம் செல்லும், ஒன்பது வாய்ப்பு கிடைக்கும். ஐந்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. அக்டோபரில் இரண்டு, ஏப்ரலில் மூன்று என்று பிரித்துக்கலாம். தேறிய பாடம் கணக்கில் நிற்கும்.

இந்தச் சுதந்திரத்தில்தான் ஒரு பள்ளம் இருக்கு. அந்தப் பெண் நல்லா வரைவாள். கிராஃப் தாளில் அவள் போட்டு வைத்திருந்த புட்டா டிசைன்களைப் பார்த்தேன், அப்பாவுக்கே அதில் பெருமை. அவள் சொன்ன பட்டியல்: தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல், மனையியல், ஓவியம். ஐந்து பாடம் ஆச்சு, சான்றிதழும் வரும். "அப்புறம் என்ன படிக்கப் போற?" என்று கேட்டேன். "ஐடிஐயில எலக்ட்ரீஷியன்" என்றாள். எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்துத் தேறியிருக்கணும். அவள் பட்டியலில் இரண்டும் இல்லை. அப்படியே சேர்ந்திருந்தால், சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருப்பாள். விட்ட பாடத்தைப் பிறகு எழுதிச் சேர்க்க வழி உண்டு. ஆனால் அதற்கு இன்னொரு கட்டணம், இன்னொரு அரை வருஷம்.

அதனால் பாடம் தேர்வதற்கு முன்னால், பிள்ளை அடுத்து எங்கே போக நினைக்குதோ அந்தப் படிப்பின் தகுதி விதியை முதலில் படிங்க. எதுவும் முடிவாகலைன்னா கணிதத்தையும் அறிவியலையும் விடாதீங்க. ஐந்துக்கு மேல் இரண்டு பாடம் கூடுதலாக எடுக்கலாம். ஓவியத்தை அங்கே வைத்துக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பும் இதே வாரியத்தில்தான் என்றால், பத்தாவது தேறி இரண்டு வருஷ இடைவெளி இருந்தால்தான் முழுச் சான்றிதழ் தருவாங்க என்பதையும் இப்பவே கணக்கில் வைங்க.

இப்போ நோட்டு. தறி வீடுகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு பாவுக்கும் கணக்கு வைத்திருக்காங்க: எந்தத் தேதியில் பட்டு வாங்கினது, எவ்வளவு எடை, ஜரிகை எவ்வளவு, புடவை அறுத்துக் கொடுத்த தேதி, அதன் எடை, கூலி. கணக்கு இல்லைன்னா கூலியில் பிடிப்பாங்க என்று தெரியும். மகள் படிப்புக்கு மட்டும் ஒரு வரி எழுதி வைக்கலை.

பாடத்துக்கு ஒரு நோட்டு போதும். தேதி, பாட எண், என்ன செய்தது, எவ்வளவு நேரம், எங்கே தடுமாறியது என்று ஐந்து பத்தி. 'கணக்கு படித்தாள்' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. 'விகிதம், பயிற்சியில் 8 கணக்கு, 3 தப்பு, 50 நிமிஷம்' என்று எழுதினால் அடுத்த வாரம் எதைத் திரும்பப் போடணும்னு தெரியும். பாவுக் கணக்கையே பாடமாக்கலாம்: வாங்கின எடைக்கும் கொடுத்த எடைக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை சதவீதம் என்று அவளையே போடச் சொல்லுங்க. அது தனிப் பாடமாகச் சான்றிதழில் வராது, ஆனால் சதவீதம் மண்டையில் ஏறிடும். மாதம் ஒரு முறை பழைய வினாத்தாள் ஒன்றை, கடிகாரம் வைத்து, நடுவில் எழுந்திருக்காமல் எழுதச் சொல்லுங்க. மதிப்பெண்ணை நோட்டில் ஏற்றுங்க.

என்.ஐ.ஓ.எஸ்.சில் டி.எம்.ஏ. என்று ஒரு ஒப்படைப்பு உண்டு. வீட்டில் எழுதிக் கெடு தேதிக்குள் கொடுத்தால் 20 சதவீத எடை அதற்குத்தான். தேர்வு பயம் உள்ள பிள்ளைக்கு இது பெரிய துணை, விட்டுடாதீங்க. கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்னால் போனில் அலாரம் வைங்க.

ஆவணங்களைப் பொறுத்தவரை எல்லாருக்கும் சிக்கல் வருவது பெயரில். டிசியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக. மூன்றையும் தரையில் விரித்து வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்க. பிறந்த தேதியும் அப்படித்தான். வித்தியாசம் இருந்தால் சேர்க்கைக்கு முன்னால் இ-சேவை மையத்தில் விசாரித்துத் திருத்துங்க. சேர்ந்த பிறகு எல்லாத் தாளிலும் அந்தத் தப்பே ஏறும். சேர்க்கை எண், கட்டண ரசீது, ஹால் டிக்கெட் மூன்றையும் படம் எடுத்து, பிள்ளை பெயரில் ஒரே ஆல்பத்தில் போடுங்க. வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருந்தால் போன் மாறும்போது போயிடும். பதிவு செய்த மொபைல் எண்ணையும் மாற்றாதீங்க. ஓடிபி அதுக்குத்தான் வரும். சான்றிதழ் வந்த பிறகு டிஜிலாக்கரிலும் எடுத்துக்கலாம்.

கடைசியா, கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம். கோர்வைப் புடவைக்குக் கரை நாடா வீச இன்னொரு கை வேணும். வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் அந்தக் கை எதுவாகும்னு உங்களுக்கே தெரியும். 14 வயதுக்குக் கீழே இருந்தால், வீட்டுத் தொழிலில்கூடப் பள்ளி நேரம் போக, விடுமுறையில் மட்டும்தான் உதவலாம் என்கிறது 2016இல் திருத்திய சட்டம். 15 வயதுப் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் நோட்டில் 'எவ்வளவு நேரம்' என்ற பத்தியை அவளே எழுதட்டும், நீங்க எழுதாதீங்க. ஒரு மாதம் கழித்து இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்க.

அந்த அம்மா பாவு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி அங்கேயே கோடு போட ஆரம்பிச்சாங்க. "வேற நோட்டு எடும்மா" என்றாள் மகள்.