காற்றும் களத்து மணியும்

‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது ஒரு பழமொழி. ‘ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்கவேண்டும்’ என்பது மற்றொன்று. முன்னது விரைக என்கின்றது; பின்னது பொறுத்திரு என்கின்றது. இவ்விரண்டையும் வகுப்பிற் கற்பிக்கும் தமிழாசிரியரை நோக்கி மாணவர் விடுக்கும் வினா ஒன்றுண்டு: “ஐயா, இவற்றுள் எதனைக் கைக்கொள்வது?” பல்லாண்டுகளாக அவ்வினாவைப் புன்முறுவலோடு கடந்து சென்ற நாம், அண்மையில் ஒரு மாணவன் பொருட்டு அதற்கு விடை தேட நேர்ந்தது. அதனையே இவ்விழா மலரில் ஒரு பாடமாக வைக்கின்றோம்.

அம்மாணவன் ரங்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவன். குண்டசாலையில் உறவினர் இல்லத்திலே தங்கி உயர்தர வகுப்பிற் பயில்கின்றான். ஹொக்கி விளையாட்டில் பின்களத்தைக் காப்பவன். அவனது ஆட்டத்தைக் கண்ட கொழும்பு நிறுவனமொன்று, தனது அணியில் இடமும் மாதச் சம்பளத்தோடு வேலையும் தருவதாக அழைத்தது. பரீட்சைக்கோ இன்னும் ஓராண்டு இருந்தது. தந்தையார் தோட்டத் தொழிலாளி. வீட்டில் இளைய பெண்மக்கள் இருவர். “நான் போகட்டுமா, ஐயா?” என்று அவன் கேட்டபோது, பழமொழி சொல்லித் தப்பிக்கொள்ள எம்மால் இயலவில்லை.

முதலிற் பழமொழியையே ஊன்றி நோக்குவாம். தூற்றுதல் என்பது யாது? அறுத்த கதிரைக் களத்திற் சேர்த்து, சூடுமிதித்து, மணி உதிர்ந்த பின்னர், பதரைப் பிரித்தற்பொருட்டுக் காற்றிலே தூவி விடுதலாம். எனவே, காற்று மட்டும் இருந்தாற் போதாது. களத்தில் மணி இருத்தல் வேண்டும். கதிர் பச்சையாய் வயலில் நிற்கையில் எத்துணைக் காற்று வீசினும் தூற்றுவார் இலர். மணி குவிந்த பின்னரோ, காற்றை வீணே போக்குவோன் பேதையாவான். ஆகவே, ‘காற்று வந்துவிட்டதா’ என்பது இரண்டாவது வினா. ‘மணி உதிர்ந்துவிட்டதா’ என்பதே முதல் வினா. இவ்வொழுங்கு தெளிந்தால் இரு பழமொழிகளும் தம்முள் முரணா.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்லவேண்டுவதில்லை. முத்தையா முரளிதரன் 1972 ஏப்ரல் 17ஆந் திகதி கண்டியிற் பிறந்தவர். தோட்டத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரர். தந்தையார் குண்டசாலையிலே விசுக்கோத்துத் தொழிற்சாலை நடத்தியவர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற முரளிதரன், தொடக்கத்தில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே விளங்கினார். அவரது பதினான்காம் வயதிற் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, சுழற்பந்து வீசுமாறு அறிவுரை கூறினார். அவரும் அவ்வாறே கையை மாற்றிக்கொண்டார். பாடசாலையின் இறுதி இரு பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தி, 1990/91ஆம் பருவத்தின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் என்ற பட்டத்தையும் பெற்றார். அதன் பின்னரே கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்தை அடைந்தார்.

அங்ஙனம் சென்றவர்க்கும் உடனே வெற்றி கிட்டிற்றோ? இல்லை. 1991இல் இலங்கையின் இரண்டாம் நிலை அணியோடு இங்கிலாந்து சென்ற அவருக்கு, அப்பயணத்தில் ஒரு விக்கெட்டேனும் கிட்டவில்லை. 1992 ஆகத்து 28ஆந் திகதி, கொழும்பு கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கெதிராக டெஸ்ட் அணியில் இறங்கியபோது அவருக்கு வயது இருபது. 2010 சூலையிற் காலியிலே ஓய்வு பெறுகையில், 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் அவர் பெயரில் நின்றன.

இவ்வரலாற்றில் நாம் மாணவர்க்குச் சுட்ட விரும்புவது அந்த 800 அன்று. பதினான்காம் வயதில் நிகழ்ந்த மாற்றமே. மிதவேகத்தை விட்டுச் சுழற்பந்துக்கு மாறும் ஒருவன் சிலகாலம் தடுமாறியே தீர்வான். பாடசாலை அணியில் அத்தடுமாற்றத்துக்குக் கூலி பிடிப்பார் இலர். பயிற்றுநரின் கண்டிப்போடு அது முடிந்துவிடும். ஊதியம் பெற்று ஆடுமிடத்திலோ ஒவ்வொரு பந்தும் கணக்கில் ஏறும். அங்கே உள்ள திறமையை விற்கலாம். புதிய திறமையைத் தேடிக் கற்றல் அரிது. எனவே, பள்ளிப் பருவம் தரும் பெருஞ்செல்வம், பிழைசெய்து திருத்திக்கொள்ளும் உரிமையே என்க.

பின்களம் காப்போனுக்கு இவ்வுரிமை பின்னும் இன்றியமையாதது. முன்கள வீரன் பத்து முறை பிழைத்து ஒருமுறை பந்தைக் கம்பத்துள் செலுத்தினாற் புகழப்படுவான். பின்களத்தான் பத்து முறை காத்து ஒருமுறை பிழைத்தால், அப்பிழை எதிரணியின் கோலாகப் பலகையில் ஏறும். ஆதலால் அவ்விடத்துக்கு உரியவர் முதிர்ந்து கனியக் காலம் வேண்டும்.

வட அமெரிக்காவிற் பனித்தளத்தில் ஆடப்பெறும் ஹொக்கியில் இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. கேல் மகார் என்னும் கனடிய இளைஞரை 2017இல் கொலராடோ அவலாஞ்ச் என்ற தொழில்முறை அணி, அவ்வாண்டின் தெரிவில் நான்காமவராகத் தனக்கென எடுத்துக்கொண்டது. அவரும் பின்கள வீரரே. எனினும் அவர் மாசசூசெற்ஸ் பல்கலைக்கழகத்துக்கே சென்றார். ஓராண்டு கழிந்தபின் தொழில்முறைக்குச் செல்லும் வாய்ப்பிருந்தும், இரண்டாம் ஆண்டையும் அங்கேயே கழித்தார். அவ்விரண்டாம் ஆண்டில், 2019இல், அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் தலைசிறந்த வீரருக்குரிய ஹோபி பேக்கர் விருது அவரை அடைந்தது. கல்லூரி இறுதிப் போட்டி முடிந்த சில நாட்களிலேயே தொழில்முறை ஆட்டத்தில் இறங்கி, முதல் ஆட்டத்திலேயே ஒரு கோலும் இட்டார். 2022இல் அவரது அணி ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்றது. சிறந்த பின்கள வீரர் விருதும் அவ்வாண்டு அவருக்கே உரியதாயிற்று. மணி உதிர்ந்த மறுநாளே காற்றில் இறங்கியவர் அவர்.

இனி, எதிர்க்கட்சியையும் நேர்மையோடு கூறுதல் கடன். அர்ச்சுன ரணதுங்க 1982 பெப்ருவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடியபோது, ஆனந்தாக் கல்லூரி மாணவர், வயது பதினெட்டு. அப்போட்டியில் அவர் பெற்ற 54 ஓட்டங்களே டெஸ்ட் வரலாற்றில் இலங்கையர் ஒருவரின் முதல் அரைச்சதம். சென்னைச் சதுரங்க வீரர் குகேஷ், நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விடுத்து, 2024 திசெம்பரில் தமது பதினெட்டாம் வயதில் உலகச் சம்பியனானார். இவர்களைக் காத்திருக்குமாறு கூறியிருப்பின் அது அறிவுடைமையாகாது. இவர்தம் களத்தில் மணி முன்னரே உதிர்ந்திருந்தது.

ஆயினும், விரைந்தோர் அனைவரும் இவ்வாறு நிலைபெற்றாரல்லர். சஞ்சீவ வீரசிங்க 1985இற் பதினேழு வயதிலே இலங்கைக்காக ஒரு டெஸ்ட் ஆடினார்; மற்றொன்று ஆட அவருக்கு வாய்க்கவில்லை. மறுபுறம், கண்டி திரித்துவக் கல்லூரியின் குமார் சங்கக்கார, பாடசாலை விடுத்துக் கொழும்புப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயிலத் தொடங்கி, 2000 சூலையில் இருபத்திரண்டாம் வயதிலே டெஸ்ட் அணியிற் புகுந்தார். 12,400 டெஸ்ட் ஓட்டங்களோடு விடைபெற்றார். விசுவநாதன் ஆனந்த் 1988இற் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர். சென்னை இலயோலாக் கல்லூரியில் வணிகவியற் பட்டமும் பெற்றவர். எனவே, வயதை வைத்து விதி செய்தல் பொருந்தாது.

காலம் தாழ்த்துதல் எப்போதும் நன்றே எனவும் நாம் கூறமாட்டோம். பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய மற்றொரு மாணவனை, “படிப்பை முடித்துப் போ” என்று நாமே தடுத்தோம். அவன் எம் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றான். ஆனால், நின்ற அவனுக்குப் பயிற்சிக்கு வழிசெய்தோமா? பின்தங்கிய பாடங்களுக்கு மேலதிக வகுப்பு ஒழுங்குசெய்தோமா? ஒன்றும் செய்திலோம். பரீட்சையும் கைகூடவில்லை, அழைத்தவர்களும் வேறொருவனைத் தேடிக்கொண்டனர். அவன் எம்மைக் குறைகூறியதில்லை. அதுவே எமக்கு இன்றளவும் உறுத்தலாக இருக்கின்றது. வெறுமனே நிற்றல் பொறுமையாகாது. கதிர் வயலில் நின்று முற்றுவதும் உண்டு, நின்று மட்குவதும் உண்டு.

அந்த அனுபவத்தால், இம்முறை மாணவன் முன் மூன்று வினாக்களை வைத்தோம். ஒன்று: இங்கிருந்து கற்கவேண்டியது இன்னும் உளதா? இரண்டு: போனால் மீண்டும் நூலைத் தொடுவாயா? மூன்று: நின்றால் அந்தச் செலவை யார் சுமப்பர்?

முதல் வினாவுக்கு அவன் சிறிது சிந்தித்து, “இடப்புறமாக வெட்டிச் செல்பவனை மறிக்க எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, ஐயா” என்றான். மட்டையைத் திருப்பி மறிக்கும் அக்கலை பின்களத்தானுக்கு உயிர்நாடி. தன் குறையைத் தானே பெயர்சொல்லிக் கூறவல்லவன், அதனைத் திருத்தவும் வல்லவன். இரண்டாவதற்கு, “தெரியவில்லை” என்றான். அதுவும் உண்மையான விடையே. உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பின்னரும் தோற்றலாம் என்பது விதி. வேலையும் பயிற்சியும் முடித்து இரவிலே நூலெடுப்போர் சிலரே என்பது நடைமுறை.

மூன்றாவது வினாவுக்கு அவன் விடை கூறாது தலைகுனிந்தான். அவ்வினா அவனுக்குரியதன்று என்பதை அப்போதே உணர்ந்தோம். வசதியுள்ளவன் பொறுத்திருத்தல் அவன் விருப்பம். வறியவன் பொறுத்திருக்க வேண்டுமாயின், அப்பொறுமையின் விலையை வேறொருவர் கொடுத்தல் வேண்டும். பழைய மாணவர் இருவர் அவனது பேருந்துக் கட்டணத்தையும் மேலதிக வகுப்புக் கட்டணத்தையும் ஏற்றனர். தந்தையாரும் வந்து பேசினார். “ஒரு வருசந்தானே ஐயா, சமாளிப்போம்” என்று அவர் கூறியபோது, அவ்வொரு வருடத்தின் பாரம் எத்தகையது என்பதை அவர்தம் கைகளே கூறின.

நிறுவனத்துக்கும் எழுதினோம். இடத்தை ஒதுக்கி வைக்க இயலாது, அடுத்த ஆண்டு தெரிவுக்கு வரலாம் என்று விடை வந்தது. ஆகவே, கையிலிருந்த ஓர் உறுதியை அவன் இழந்துள்ளான். இதனை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் வாயில்கள் முன்னையிலும் பல. கிரிக்கெட்டில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரிமியர் லீக்கில் ஆடி, 2024இல் இந்தியன் பிரிமியர் லீக்கிலும் இடம்பெற்றதைக் கண்டோம். ஹொக்கியிற் பெரும்பணம் இல்லையெனினும், முப்படைகளிலும் அணிகள் உள. காற்று ஒருமுறை மட்டும் வீசி ஓய்வதன்று.

இப்போது மாலைதோறும் நமது மைதானத்தில் அவன் இடப்புறத்து மறிப்பைப் பயில்கின்றான். இருட்டியபின் நூலைத் திறக்கின்றான். நமது தீர்ப்புச் சரியோ பிழையோ என்பதை அடுத்த ஆண்டு உரைக்கும்.

மாணவ மணிகாள்! அழைப்பு வரும்போது, முதலில் உங்கள் களத்தை நோக்குங்கள். மணி இருப்பின் அஞ்சாது தூற்றுங்கள்; இன்றேல், இருக்கும் நாளை வீணாக்காது உழைத்து முற்றுங்கள். பழைய மாணவராகிய பெரியீர்! இளைஞன் ஒருவனைப் ‘பொறு’ என்று நாம் கூறுமிடத்து, பொறுத்தற்குரிய பொருளையும் உடன் வைப்போமாக. அழைக்கும் இடத்தில் உங்களில் ஒருவர் அதிகாரியாய் அமர்ந்திருப்பின், பரீட்சை முடியும் வரை அவ்விடத்தைக் காத்துவைப்பீராக. கல்லூரித் தாய்க்கு இவ்விழாக் காலத்திற் செலுத்தத்தக்க காணிக்கை, இதனினும் சிறந்தது வேறொன்றை நாம் அறியோம்.