காரணமின்றி ஒலிக்கும் அபாய மணி

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக விடுதியில் தீ அபாய மணி அடிக்கடி வீணே ஒலிப்பதால், காவலர் இரவில் அதை நிறுத்திவைக்கிறார். இது தகுமா?

பதில்: தகாது, ஆயினும் காவலரை மட்டும் நிந்திப்பதில் பிரயோஜனமில்லை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துச் சீட்டன் ஹால் சர்வகலாசாலையில், 2000 ஜனவரி 19 அதிகாலையில், போலண்ட் ஹால் விடுதியில் நெருப்பு மூண்டபோது மணி ஒலிக்கவே செய்தது; எனினும் முந்தைய மாதங்களில் பலமுறை வீணே ஒலித்து உறக்கத்தைக் கெடுத்த மணியாதலால், மாணவர் பலர் இதையும் பொய்யென்றெண்ணிப் படுக்கையிலேயே கிடந்தனர். மூன்று இளைஞர்கள் மாண்டனர். பொய்யொலியை அலட்சியம் செய்வதன் விபரீதம் இதுவே.

மணி வீணே ஒலிப்பது ஏனென்று பாருங்கள். ஒளியால் இயங்கும் புகையறி கருவியினுள், இருண்ட சிற்றறை ஒன்றில், ஓர் ஒளிக்கற்றை பாய்ந்துகொண்டிருக்கும். புகைத்துகள் அதைச் சிதறடித்து உணர்வியின்மேல் விழச்செய்தால் மணி அடிக்கும். தூசியும், குளியலறை நீராவியும், உள்ளே புகுந்த சிறு பூச்சியுங்கூட அதே காரியத்தைச் செய்யும். எந்தக் கருவி, எந்நேரத்தில், எதனால் ஒலித்தது என்பதை ஒவ்வொரு முறையும் ஏட்டில் குறித்துவந்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு கருவிகளே குற்றவாளிகள் என்பது விளங்கும். அவற்றைச் சுத்தம் செய்யலாம், இடம் மாற்றலாம். சமையலறையில் வெப்பமறி கருவி பொருத்தலாம். பழுது நீங்கும்வரை, வீணே ஒலிக்கும் கருவியை மட்டும் விலக்கிவைத்து, அவ்விடத்தில் இரவு முழுதும் ஆள் சுற்றிவர ஏற்பாடு செய்யவேண்டும்.

அத்தகைய ஏடு உண்டா என்று விடுதிக் காப்பாளரிடம் நாளையே எழுத்துமூலம் கேளுங்கள்.